சேனாதிபதி கூடாரத்துக் கோழி

கம்பைப் புடைத்து, கல் பொறுக்கி, வாசலில் வெயிலுக்குப் பரப்பிக்கொண்டிருக்கிறேன். நம்ம கோழி நடுவில் வந்து நிற்கிறது. குனிந்தால் வாயில் கம்பு. ஆனாலும் காலால்தான் பரக் பரக்கென்று வாரித் தள்ளுகிறது! விரட்டக் கையை ஓங்கினேன், அதற்குள் இந்தக் கதை ஞாபகம் வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் கோழிக்கு நம்மைப் போலப் பேச வரும். கிளறத்தான் தெரியாது. போட்டதைக் கொத்தும், அவ்வளவுதான்.

அப்போது ரோமாபுரிப் படை ஒரு மலைக்கோட்டையைப் பிடிக்க வந்து பாசறை போட்டது. எங்கே போனாலும் சேனாதிபதியின் கூடாரத்தைத்தான் முதலில் நட்டு வைப்பார்கள். அப்பாடி, அது எவ்வளவு பெரிசு! அவன் படுப்பதும் அங்கே, விருந்தும் அங்கே, சண்டைக்கு யோசனை பண்ணுவதும் அங்கே. அதன் வாசலில் ஒரு கூண்டு. கூண்டில் ரூஃபா என்கிற சிவப்புக் கோழியும் அதன் குஞ்சுகளும் இருந்தன. ரோமாபுரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம். சண்டைக்குப் புறப்படுமுன் கோழிக்குத் தீனி போட்டுப் பார்ப்பார்கள். ஆவலாய்த் தின்றால் சாமி உத்தரவு கொடுத்தாச்சு. தின்னாவிட்டால் ஒருத்தரும் நகரக்கூடாது.

சேனாதிபதி கைசோவுக்கு ஒரே அவசரம். கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் விபியனைக் கூப்பிட்டான்.

"விடிஞ்சதும் புறப்படணும். இன்னைக்கு அதுக்கு ஒரு மணிகூடப் போடாதே. பசிச்சா தின்னாம எங்கே போகும்?"

"குஞ்சுகளுக்குமா, ஐயா?"

"குஞ்சுகளுக்கும்தான்!"

பொழுது சாய்ந்தது. குஞ்சுகள் கீச்சுக்கீச்சென்று அழுதன. ரூஃபா எல்லாவற்றையும் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டு, வயிறு தரையில் படப் படுத்தது. வயிற்றில் ஏதோ இடித்தது. டொக்! டொக்! தலையைச் சாய்த்துக் கேட்டால், மண்ணுக்கு அடியில் ஆள் பேச்சு!

"படை முழுக்க வெளியே போகட்டும். நேரே இந்தக் கூடாரத்துக்குள்ள ஏறி, எல்லாத்தையும் கொளுத்திடலாம்."

கோட்டைக்காரர்கள் சுரங்கம் வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்! கொளுத்தினால் முதலில் வேகிறது கூண்டுதானே?

விடிந்தது. படை ஈட்டியோடு நின்றது. விபியன் கூண்டைத் திறந்து தானியத்தை வீசினான்.

"போகாதீங்க ஐயா! காலுக்குக் கீழே சுரங்கம்!" என்று ரூஃபா கத்தியது.

கைசோ சிரித்தான். "உன்கிட்டே பேச்சு யார் கேட்டது? நீ தின்னுறதுதான் சாமி வாக்கு. பேசுறது வெறும் கோழி வாக்கு."

"ஐயா, அது சொல்றதை ஒரு தரம்..." என்று விபியன் இழுத்தான்.

"நீயும் கூண்டுக்குள்ள போறியா?"

அதற்குள் குஞ்சுகள் தானியத்தைப் பார்த்துப் பாய்ந்தன. ஒன்று கொத்தினாலும் போதும், கொம்பு ஊதிவிடுவார்கள்! ரூஃபா குறுக்கே விழுந்தது. எந்தக் கோழியும் அதுவரை செய்யாததைச் செய்தது. காலால் தானியத்தைப் பின்னால் வாரி வீசியது. பரக்! பரக்! ஒரு பிடி கைசோ முகத்திலேயே போய் விழுந்தது. தானியம் போய் மண் வந்தது, மண் போய்ப் பள்ளம் வந்தது, பள்ளம் பொலபொலவென்று உள்ளே சரிந்தது! அதிலிருந்து ஒரு கடப்பாரை நீட்டிக்கொண்டு வந்தது, பிடித்த கையோடு!

"பிடிங்கடா!" என்று அலறினான் கைசோ.

உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் அகப்பட்டார்கள். கொம்பு ஊதவே இல்லை.

கைசோ கூண்டுக்கு முன்னால் குனிந்தான். "ரூஃபா, இனிமே நீ பேசு. நான் கேட்கிறேன்."

"கேட்க வேண்டிய நேரத்துல கேட்கலை. இனி உங்ககிட்ட என் வாய் பேசாது, கால்தான் பேசும். முதல்ல என் பிள்ளைங்களுக்குத் தீனி போடச் சொல்லுங்க."

அன்று முதல்தான் கோழி தானியக் குவியல்மேலேயே நின்றாலும், முதலில் கிளறி, தலையைச் சாய்த்து, அடியில் சத்தம் இல்லை என்று தெரிந்த பிறகே குஞ்சுகளைக் கூப்பிடுகிறது. இதோ, நம்ம கோழியும் தலையைச் சாய்த்து, வாசற்படிக்குக் கீழே எதையோ... அடடா, உள்ளே அத்தை கூப்பிடுறாங்க. வந்துட்டேன் அத்தை, பாப்பா முழிச்சிருச்சா, இந்தக் கம்பை மட்டும் அள்ளி வெச்சுட்டு...