இடது இருக்கையின் எடை

ஒரு காரின் இடது முன்சக்கரத்துக்கு மேலே ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ஷாக் அப்சார்பரும் ஒன்பது வருடம் சேர்ந்து இருந்தன. ஷாக் நடுவில் நிற்கும். ஸ்பிரிங் அதைச் சுற்றி நிற்கும். சாலை கொடுக்கும் அடியை முதலில் வாங்குவது ஸ்பிரிங். வாங்கியதை அந்தக் கணமே திருப்பிக் கொடுக்கத் துடிப்பதும் அதுதான். அந்தத் துடிப்பைப் பிடித்துத் தன் எண்ணெய்க்குள் இழுத்து, வெறும் சூடாக மாற்றி அடக்குவது ஷாக்கின் வேலை.

"நீ எதையுமே மறக்க மாட்டியா?" என்று ஷாக் கேட்கும்.

"அதான் நீ மறந்துடறியே" என்று ஸ்பிரிங் சொல்லும்.

இரண்டே கதவுகள் உள்ள சாம்பல் நிற ஸ்போர்ட்ஸ் கார் அது. அதை வைத்திருந்தவன் பூபாலன். கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். வயது நாற்பத்து மூன்று. வடவள்ளியில் தனியாக இருந்தான். பந்தயத்துக்குப் போகிற ஆள் இல்லை. தினமும் அந்தக் காரில்தான் வேலைக்குப் போய் வந்தான்.

வலதுபக்கத்து ஸ்பிரிங்குக்குப் பூபாலனின் எடை தெரியும். இடதுபக்கத்துக்குத் தமயந்தியின் எடை தெரியும். அவள் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை செய்தாள். பஸ்ஸில் அவளுக்குத் தலை சுற்றும். ஒருநாள் நிறுத்தத்தில் அவள் கண்ணை மூடி நிற்பதைப் பார்த்துப் பூபாலன் காரை நிறுத்தினான். அதன் பிறகு எட்டு மாதம், காலை எட்டுப் பத்துக்கு, லாலி ரோடு நிறுத்தத்தில் கார் நின்றது.

அவள் ஏறி, டிபன் பையை மடியில் வைத்துக்கொள்வாள். இடதுபக்கம் ஒரு விரல் அளவு இறங்கும்.

"வந்தாச்சு" என்று ஸ்பிரிங் சொல்லும்.

"தெரியுது" என்று ஷாக் சொல்லும்.

அங்கிருந்து கம்பெனிவரை பதினொரு வேகத்தடைகள். காரில் பேச்சு அதிகம் இருக்காது. வேகத்தடை வரும்போது மட்டும் அவள் டிபன் பையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பாள். அதைப் பார்த்துப் பூபாலன் இன்னும் மெதுவாக ஏற்றி இறக்குவான்.

ஒரு வெள்ளிக்கிழமை, இறங்கும்போது, "திங்கட்கிழமையிலிருந்து ஓசூர் யூனிட்டுங்க சார்" என்றாள்.

"அப்படிங்களா" என்றான் பூபாலன்.

எத்தனை நாளைக்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று தோன்றியது.

அதற்கப்புறம் சில வாரங்கள், லாலி ரோட்டில் கார் தானாக வேகம் குறைந்தது. பிறகு அதுவும் நின்றது. இடது இருக்கையில் ஒரு குடையும் சுருட்டிய வரைபடங்களும் வந்து சேர்ந்தன. அவற்றின் எடை ஸ்பிரிங்குக்கு ஒரு பொருட்டே இல்லை.

மூன்றாம் மாதம் பூபாலன் கணபதியில் உள்ள கிட்டுசாமியின் ஷெட்டுக்குக் காரை ஓட்டிப் போனான்.

"காரோட உயரத்தை இறக்கணுங்கண்ணா."

"எவ்வளவு?" என்றார் கிட்டுசாமி. கையை வேஷ்டித் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இறங்கட்டும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல விரல் போகக் கூடாது."

"கல்யாண மண்டபத்துல நிறுத்தி வைக்கிறதுக்குன்னா அப்படிப் பண்ணலாம். தினமும் வேலைக்குப் போற வண்டிங்க தம்பி."

அலமாரியில் இரண்டு ஜோடி ஸ்பிரிங்குகள் இருந்தன. கருப்பு ஜோடி ஓர் அங்குலம் இறக்கும். அதற்கென்றே செய்த ஷாக்குகள் பக்கத்தில் பெட்டிக்குள் இருந்தன. மஞ்சள் ஜோடி இரண்டரை அங்குலம் இறக்கும். அதற்குத் துணை என்று எதுவும் இல்லை.

"கருப்பைப் போடுங்க. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணுக்கொண்ணு பழகினது" என்றார் கிட்டுசாமி. "அந்த மஞ்சளு வளைஞ்சே கொடுக்காது. உங்க பழைய ஷாக்கு அதோட மல்லுக்கட்டி மாளாது."

"மஞ்சளே இருக்கட்டுங்கண்ணா. ஷாக்கு நல்லாத்தானே இருக்குது."

"அப்ப ஆளை வச்சு அளந்து பார்த்துடலாம்."

கிட்டுசாமி எந்தக் காரையும் காலியாக வைத்து அளக்க மாட்டார். ஓட்டுகிறவரை உட்காரச் சொல்வார். பக்கத்து இருக்கையில் ஒரு கல்லை வைப்பார். ஏதோ ஹோட்டல் கிரைண்டரிலிருந்து கழன்று வந்த கல். ஐம்பத்திரண்டு கிலோ. சாக்கில் சுற்றி ஷெட்டின் மூலையில் கிடக்கும். தூக்கி வைக்கும்போது, "இவங்க உங்க வீட்டம்மா" என்று சொல்வது அவர் வழக்கம். அன்றும் கல்லைத் தூக்கி வந்து இடதுபக்கக் கதவைத் திறந்தார்.

"அது வேண்டாங்கண்ணா" என்றான் பூபாலன். "நான் மட்டும்தான்."

"எப்பவாவது யாராவது ஏறுவாங்கல்ல? ஒரு மழைக்காவது?"

"ஏற மாட்டாங்க."

கிட்டுசாமி அவன் முகத்தைப் பார்த்தார். கல்லைத் திரும்பக் கொண்டுபோய் மூலையில் வைத்தார்.

"இருபது வருஷமா எத்தனையோ பேருக்குப் பொண்டாட்டி, மாமியார், மேனேஜர்னு உட்கார்ந்திருக்கேன்" என்றது கல். "கதவுவரைக்கும் கூட்டிட்டுப் போய் வேண்டாம்னது இந்த ஆள்தான்."

"எனக்கு நல்லதாப் போச்சு" என்றது மஞ்சள் ஸ்பிரிங். "எடை கூடினா எனக்கும் ஆகாது, ஏறினவங்களுக்கும் ஆகாது."

"என்னை யாரு எடுக்கறாங்க?" என்றது கருப்பு. "நிதானமா இருக்கறவன் அலமாரியில இருக்க வேண்டியதுதான்."

பழைய ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்துக் கழற்றினார்கள். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அது முழு நீளத்துக்கு நீண்டது. அவ்வளவு நீளம் தன்னிடம் இருந்தது அதற்கே தெரியாது.

"நீ இங்கேயே இருக்கியா?" என்று ஷாக்கைக் கேட்டது.

"என்னை யாரும் கழட்டலையே" என்றது ஷாக்.

மஞ்சள் ஸ்பிரிங் வந்து அதைச் சுற்றி நின்றது.

கடைசியாகக் காரைத் தரையில் இறக்கி, பூபாலனை உள்ளே உட்கார வைத்துத்தான் அடிப்பக்கத்து போல்ட்டுகளை இறுக்கினார் கிட்டுசாமி. அந்த போல்ட்டுகளைச் சுற்றி ரப்பர் இருக்கிறது. எந்த நிலையில் இறுக்குகிறோமோ, அதுவே தன் இயல்பு என்று ரப்பர் எடுத்துக்கொள்ளும். வலதுபக்கம் ஓர் ஆள். இடதுபக்கம் ஒருவரும் இல்லை. ரப்பர் அதைக் கேள்வி கேட்காமல் கற்றுக்கொண்டது.

கார் அழகாகத்தான் இருந்தது. கம்பெனி வாசலில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். வேகத்தடைகளில் அதன் அடிவயிறு நூலிழையில் தப்பியது. ஆனால் ஒரு சின்னப் பள்ளம்கூட இப்போது பூபாலனின் முதுகுவரை வந்தது.

"கொஞ்சம் வளைஞ்சு கொடேன்" என்று ஷாக் கேட்டது.

"யாருக்காக?" என்றது மஞ்சள். "உள்ளே இருக்கறது ஒருத்தன். அவனும் வாயைத் திறக்கலையே."

ஷாக்கின் கழுத்தில் எண்ணெய் மெல்லக் கசியத் தொடங்கியிருந்தது.

ஆறாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூபாலனுக்கு போன் வந்தது.

"ஓசூர் வேலை முடிஞ்சுதுங்க சார். நாளைக்குப் பழைய எடத்துக்கே வர்றேன். எட்டுப் பத்துக்கு நிக்கட்டுங்களா?"

"நில்லுங்க" என்றான். கீழே போய்க் குடையையும் வரைபடங்களையும் எடுத்தான். இருக்கையை ஈரத்துணியால் துடைத்தான். காய்ந்ததும் மறுபடியும் துடைத்தான்.

மறுநாள் தமயந்தி கதவைத் திறந்து, "என்னங்க, தரையில உட்கார்ற மாதிரி இருக்குது" என்றபடி உட்கார்ந்தாள்.

"வந்தாச்சு" என்றது ஷாக்.

"யாரு?" என்றது மஞ்சள் ஸ்பிரிங்.

முதல் வேகத்தடையில் காரின் அடியில் இரும்பு உரசியது.

"என்ன சத்தமுங்க?"

"ஒண்ணுமில்லைங்க."

இரண்டாவதில் இடித்து நின்றே போனது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பூபாலனின் காதுகள் சிவந்தன.

"நான் இறங்கிக்கட்டுங்களா?" என்றாள் தமயந்தி. இறங்கி, டிபன் பையோடு வேகத்தடையைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் நின்றாள். கார் ஒரு சத்தமும் இல்லாமல் ஏறி இறங்கியது. அவள் மறுபடியும் ஏறிக்கொண்டாள்.

மூன்றாவதிலும் அப்படியே. நான்காவதில் டீக்கடையில் நின்ற ஒருவர், "என்னம்மா, தள்ளி விடணுமா?" என்றார். "தள்ளவே வேண்டாங்க, நான் இறங்கினாலே போதுங்க" என்று சொல்லித் தமயந்தி சிரித்தாள். பூபாலனும் சிரித்தான்.

ஐந்தாவதில் அவள் சிரிக்கவில்லை. தாண்டி நடந்து நின்றவள், கார் வந்ததும் ஏறாமல் ஜன்னலுக்குக் குனிந்தாள்.

"நான் பஸ்லயே வந்துடறேனுங்க சார். நேரமாகுது."

"மெதுவாப் போனா இடிக்காதுங்க."

"அதுக்கில்லைங்க." அவள் இருக்கையை ஒருமுறை பார்த்தாள். "இப்ப இந்தக் கார் உங்க ஒருத்தருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது."

குரலில் கோபம் இல்லை. அவள் அருகிலிருந்த பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். மீதி ஆறு வேகத்தடைகளைக் கார் சுலபமாகத் தாண்டியது. ஒன்பதாவதில் ஷாக்கின் கழுத்து விட்டது. மிச்சமிருந்த எண்ணெய் சக்கரத்தின் வழியாகச் சாலையில் இறங்கியது.

சனிக்கிழமை கிட்டுசாமி காருக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ஷாக்கு போயிடுச்சுங்க தம்பி."

"பழைய ஸ்பிரிங் இருக்குங்களா?"

"அதெங்க போகும்? கல்லு பக்கத்துலதான் கிடக்குது. ஆனா அந்த ஷாக்குக்கு இனி உசிரில்லை. புதுசுதான் போடணும்."

"போடுங்க."

பழைய ஸ்பிரிங் தூசியோடு வந்தது. கழற்றிப் போட்டிருந்த ஷாக்கை அது தரையில் பார்த்தது. ஒரு துணியால் சுற்றியிருந்தார்கள்.

"கடைசியா ஏதாவது சொல்லுச்சா?" என்று மஞ்சள் ஸ்பிரிங்கைக் கேட்டது.

"வந்தாச்சுன்னுச்சு" என்றது மஞ்சள். "எனக்குப் புரியலை."

புது ஷாக் பளபளப்பாக நடுவில் நின்றது. பழைய ஸ்பிரிங் அதைச் சுற்றி நின்றது.

போல்ட்டுகளை இறுக்கும் நேரம் வந்தது. பூபாலன் ஓட்டுநர் இருக்கையில் உட்காராமல் மூலைக்குப் போனான். கல்லைச் சாக்கோடு பற்றித் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. கிட்டுசாமி ஒருபக்கம் பிடித்தார். அன்று அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. கல்லை இடது இருக்கையில் வைத்ததும், பூபாலன் பெல்ட்டை இழுத்து அதற்கு மாட்டினான்.

"நிக்கற வண்டிக்குப் பெல்ட் எதுக்குங்க தம்பி?"

"இருக்கட்டுங்கண்ணா."

அவன் வலதுபக்கம் போய் உட்கார்ந்தான். கார் இரண்டு பக்கமும் சமமாக நின்றது. கிட்டுசாமி ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினார். இனி இதுதான் இயல்பு என்று ரப்பர் எடுத்துக்கொண்டது.

பிறகு பெல்ட்டைக் கழற்றிக் கல்லை இறக்கினார்கள். இடதுபக்கம் மெல்ல ஒரு விரல் உயர்ந்தது. உள்ளே ரப்பர் லேசாக முறுக்கிக்கொண்டது.

"எடை எங்க போச்சு?" என்றது புது ஷாக்.

"அது கல்லு" என்றது ஸ்பிரிங். "ஆளு திங்கட்கிழமை."

திங்கட்கிழமை எட்டுப் பத்துக்குக் கார் லாலி ரோட்டில் நின்றது. தமயந்தி நிறுத்தத்தில் இருந்தாள். பூபாலன் சாய்ந்து இடதுபக்கக் கதவைத் திறந்தான்.

"ஏறுங்க. காரைப் பழையபடி உசத்திட்டேன். எங்கேயும் இடிக்காது."

தமயந்தி குனிந்து சக்கரத்துக்கு மேலே இருந்த இடைவெளியைப் பார்த்தாள். "நெசமாவே உசந்திருக்குது" என்று புன்னகைத்தாள். பிறகு டிபன் பையின் பக்கவாட்டைத் தொட்டாள்.

"பஸ் பாஸ் எடுத்துட்டேனுங்க சார்."

"தலைசுத்தலு?"

"ஜன்னலோரம் உட்கார்ந்தா அவ்வளவா இல்லைங்க. பழகிடுச்சு."

பஸ் வந்தது. அவள் காரின் கதவைப் பதமாகச் சாத்திவிட்டு, பஸ்ஸின் முன்வாசலில் ஏறினாள்.

கார் கிளம்பியது. புது ஷாக் கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தது.

"ஆளு ஏறினா ஏதோ சொல்லணுமாமே? மஞ்சள் சொல்லுச்சு."

ஸ்பிரிங் ஒரு விரல் உயரத்தில் அப்படியே நின்றது.

அன்று பதினொரு வேகத்தடைகளிலும் கார் எங்கும் இடிக்கவில்லை. இறங்கி நடக்க யாரும் இல்லை.