வால் நுனிகூடத் தெரியாத புலி

குளத்தங்கரையில் மூக்காயியின் குடிசை நின்ற இடத்தில் குதிரை லாயம் கட்ட வேண்டும் என்று குருவிமலை ஜமீன்தாருக்கு ஆசை. சும்மா விரட்டினால் ஊர் பேசுமே! அவளோ சுவரில் சித்திரம் எழுதிப் பிழைக்கிறவள். ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"இந்தா மூக்காயி, என் ஊஞ்சலுக்கு எதிர்ச் சுவர்ல ஒரு காடு எழுது. அதுல புலி இருக்கணும், பாக்கிறவனுக்கு வயித்தைக் கலக்கணும். ஆனா புலியோட வால் நுனிகூடக் கண்ணுல படக் கூடாது. முடியலேன்னா குடிசையைக் காலி பண்ணு."

"ஆகட்டும் சாமி" என்று வேலையில் இறங்கினாள் மூக்காயி.

முடிந்த அன்று ஜமீன்தார் ஊரையே கூட்டிவைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தார். சுவரெல்லாம் இருண்ட மரங்கள். நடுவே மட்டும் வெயில் விழுந்த புல்வெளி, அதில் ஒரு மான் கூட்டம். ஒன்றுகூட மேயவில்லை. எல்லாம் காதை விடைத்துக்கொண்டு, முன்காலைத் தூக்கி, இதோ ஓடப்போகிற மாதிரி நின்றன.

"பயமாத்தான் இருக்கு. புலி எங்கடி?"

"மானுக்குத் தெரியுது சாமி. அதுங்க எங்கே பாக்குதுன்னு பாருங்க."

ஊரே பார்த்தது. அத்தனை மானும் ஊஞ்சலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

ஜமீன்தார் காலை ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினார். மறுத்துப் பேசினால், தான் புலியில்லை என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். மீசையை முறுக்கிக்கொண்டு, "சரியாத்தான் எழுதியிருக்கா" என்றார். குடிசை தப்பியது.

அப்புறம் வருகிற விருந்தாளிக்கெல்லாம் அவரே அதைப் பெருமையாகக் காட்டுவார். அவர்களும் பணிவாகத் தலையாட்டிவிட்டு, தெருமுனை திரும்பியதும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்: "மான்கூட மனுசனைத் தெரிஞ்சு வச்சிருக்கே!"