வராத விருந்தாளிக்கு ஒரு பிடி

படுத்தாச்சா? காலை ஒடுக்கு தாரிகா, அத்தை வயித்துல இடிக்குது. சரி, கதை சொல்றேன். ஆனா நடுநடுவுல "ம்" கொட்டணும். கொட்டலைன்னா நீ தூங்கிட்டேன்னு நிறுத்திருவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பிடி அரிசி இருந்துச்சு.

"ராஜா இல்லையா?"

ராஜா கதையெல்லாம் நேத்தோட தீந்துபோச்சு. இன்னிக்கு அரிசிதான். சாத்தூர்ல ரயில்வே கேட்டுப் பக்கத்துல ஒரு வீடு. அந்த வீட்ல நாலு பேரு. அப்பா பேரு வேல்ராஜ், அச்சாபீஸ்ல காலண்டர் அடிக்கிற வேலை. அம்மா பேரு கனகமணி. அப்புறம் ஒரு பொண்ணு, பேச்சி. பதினோரு வயசு. ரொம்ப அழகு, ரொம்ப அறிவு.

"அது நீங்கதானே அத்தை?"

கதைக்குக் குறுக்க பேசப்படாது. ஆமா, நான்தான். அப்புறம் ஒரு பொடியன், எப்பப் பாரு மூக்கு ஒழுகிக்கிட்டே திரிவான். சுந்தரபாண்டி.

"ஐயோ, எங்கப்பா!"

உங்கப்பனேதான். நான் சொன்னேன்னு போய்ச் சொல்லிறாத.

அந்த வீட்ல தினமும் காலையில அம்மா, அதான் உங்க அப்பத்தா, உழக்கை எடுத்து அரிசி அளப்பா. சளக், சளக், சளக். மூணு உழக்கு. நாலு பேருக்கு மதியத்துக்கும் ராத்திரிக்கும் அதுவே தாராளம். ஆனா அப்புறம் டிரம்முக்குள்ள கையை விட்டு இன்னொரு பிடி அள்ளி, பொசுக்குனு போடுவா. "யாராச்சும் வந்துட்டா?" அப்படிம்பா. அவங்க அம்மா வீட்டுப் பழக்கம் அது. திடீர்னு வர்ற விருந்தாளி முன்னாடி பானை காலியா இருந்தா அந்த வீட்டுக்கே அசிங்கமாம். சரி, யாரு வந்தா? போஸ்ட்மேன் வருவாரு, ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டுப் போயிருவாரு. அவ்வளவுதான்.

"ம்."

எங்க அப்பாவுக்குச் சீனி மிட்டாய்னா உசுரு. சனிக்கிழமை சம்பளம் போட்டா ஒரு பொட்டலம் சீனி மிட்டாய், ஒரு பொட்டலம் காராச்சேவு. சர சரன்னு பொட்டலத்தைப் பிரிக்கிற சத்தம் இப்பவும் எனக்குக் காதுல கேக்குது. அப்பா போய் நாலு வருஷம் ஆச்சு, ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் ஆனா வாசலைத்தான் பாக்கத் தோணுது. அது கெடக்கட்டும்.

அம்மா ஒண்ணும் திங்கமாட்டா. "எனக்கு இனிப்பு எறங்காது"ம்பா. நாங்க எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு, ஏனம் பாத்திரமெல்லாம் ஒதுக்கினப்புறம் அடுப்படியில தனியா ஒக்காருவா. அவ என்ன சாப்பிடறா, எவ்வளவு சாப்பிடறா, ஒருத்தரும் பாத்தது கெடையாது. பாக்கணும்னு தோணினதும் கெடையாது.

அப்போ ஒரு ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துல சக்கரை முகாம் போட்டாங்க. அம்மா அப்பாவைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா. "இவரு மிட்டாயாத் திங்காரு, இவருக்குப் பாருங்க." ஊசியால சுருக்! அப்பாவுக்கு ஒண்ணும் இல்லை. நர்சு நிமிந்து பாத்து, "நீங்களும் வெறும் வயித்தோடதான வந்திருக்கீங்க? கையக் குடுங்கம்மா"ன்னாங்க. சுருக்! நூத்தி இருபத்தி ரெண்டு.

"அது நெறைய மார்க்கா?"

பரிச்சைன்னா நல்ல மார்க்குதான். இதுல நூத்துக்குக் கீழ இருக்கணும். நூத்தி இருபத்தாறைத் தொட்டா சக்கரை வியாதின்னு சொல்லிருவாங்க. "சக்கரை இன்னும் வீட்டுக்குள்ள வரலைம்மா. வாசப்படியில நிக்குது. இப்ப நெனச்சா திருப்பி அனுப்பிரலாம்"னாங்க அந்த நர்சு. அப்பா சிரிச்சாரு. மிட்டாய் திங்கறது நானு, மார்க்கு வாங்குனது நீயான்னு. அம்மா சிரிக்கலை. அவங்க அம்மாவுக்குச் சக்கரையில கால் விரல் மூணு போச்சு. அம்மாதான் கூட இருந்து கட்டுப் பிரிச்சுக் கட்டினவ. வீடு வர்ற வரைக்கும் அவ தன் காலையே பாத்துக்கிட்டு வந்தா.

"ம்..."

அப்புறம் வீட்ல முத வைத்தியம் ஆரம்பிச்சுது. தனிச் சமையல். எங்களுக்குச் சோறு, அவளுக்கு மட்டும் கோதுமை ரவைக் கஞ்சி. டொப் டொப்னு ஒரு அடுப்புல அது கொதிக்கும், இன்னொரு அடுப்புல எங்க சோறு கொதிக்கும். வேலை ரெண்டு மடங்காச்சு, வேற ஒண்ணும் ஆகலை. உங்கப்பன் கஞ்சியை எட்டிப் பாத்துட்டு, "அம்மா சீக்காளி"ன்னு தெருவெல்லாம் போய்ச் சொல்லிட்டு வந்தான். நாலு வீட்டுப் பொம்பளைங்க வந்து உச்சுக் கொட்டிட்டுப் போனாங்க.

ரெண்டாவது வைத்தியம் பாகற்காச் சாறு. அச்சாபீஸ்ல யாரோ சொன்னாங்கன்னு அப்பா கொண்டாந்தாரு. அம்மா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மடக் மடக் மடக்னு குடிப்பா. மூஞ்சி அப்படியே கோணிக்கும். பாரு, இப்படி.

"ஹி ஹி... இன்னொரு தடவை."

போதும், தூக்கம் கலைஞ்சிரும். ஒரு மாசம் போச்சு. அந்த நர்சு இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மறுபடி போய் ஊசி குத்தினா, நூத்தி இருபத்தி நாலு. ஏறிருச்சு!

அப்பாவுக்குப் பயம். எங்க அப்பாவுக்குப் பயம் வந்தா அது கோவமாத்தான் வெளிய வரும். நடு வீட்ல நின்னு கத்தினாரு. "கஞ்சி குடிக்கிற, சாறு குடிக்கிற, அப்புறம் எப்படி ஏறும்? எங்களுக்குத் தெரியாம திருட்டுத்தனமா என்னத்தத் திங்க நீ?"

அம்மா எந்திரிச்சா. ஏனத்தைத் தூக்கிட்டுப் பின்னாடி போயிட்டா. தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டுச்சு. சரக், சரக், சரக். நான் எட்டிப் பாத்தேன். தேய்ச்ச சட்டியையே தேய்ச்சுக்கிட்டிருந்தா. கண்ணுல தண்ணி ஓடுது.

"அப்பத்தா அழுதாங்களா?"

அழுதா. எனக்கு அப்பா மேல அப்படி ஒரு ஆத்திரம். எங்கம்மா திருடித் திங்க மாட்டான்னு காட்டியே தீரணும்னு அடுத்த ஞாயித்துக்கிழமை லீவுல அரிசி டிரம்முக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டேன். காலை, மதியம், ராத்திரி, மூணு வேளையும் பாத்தேன்.

காலையில அம்மா தன் பங்குக் கஞ்சியைக் குடிச்சா. அப்புறம் நான் தட்டுல மிச்சம் வச்சிருந்த ஒண்ணரை இட்லி அவ வாய்க்குள்ள போச்சு. மதியம் மறுபடி கஞ்சி. அப்புறம் பானையை வழிச்சா. சரட்... சரட்... அடியில இருந்த சோறு பூரா அவ தட்டுக்கு வந்துச்சு. ராத்திரி, உங்கப்பன் ஓரத்து முறுகலை மட்டும் பிச்சுத் தின்னுட்டு நடுவுல விட்ட தோசை மூணு. அப்பா தயிர் ஊத்திப் பெசைஞ்சுட்டு, "வயிறு ரொம்பிருச்சு"ன்னு வச்சுட்டுப் போன சோறு. எல்லாம் அவளுக்குத்தான். சோத்தைக் கொட்ட மனசு வராது அவளுக்கு.

நான் டிரம்முக்குப் பின்னாடி இருந்து எந்திரிச்சு வந்து கேட்டேன். "ஏம்மா, கஞ்சி குடிச்சியே, அப்புறம் இது என்ன?" அவ என்ன சொன்னா தெரியுமா? "இது சாப்பாடாடி? மிச்சம்தான?"

"ம்."

நிசமாவே அவளுக்கு அது கணக்குல இல்லை, தாரிகா. பொய் சொல்லலை. இத்தனை வருஷமா வராத விருந்தாளியோட சாப்பாட்டை எங்கம்மாதான் சாப்பிட்டுக்கிட்டிருந்தா. அதுக்கு மேல நாங்க வச்ச மிச்சம் வேற. அம்மா இருக்காள்லன்னுதான் நான் தைரியமா தட்டுல வச்சுட்டு எந்திரிப்பேன். எனக்கு அன்னிக்கு ரொம்பக் கேவலமா இருந்துச்சு.

மறுநாள் ஒரு தூக்குச்சட்டியை எடுத்து வச்சு, "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மிச்சம் எல்லாத்தையும் இதுல போடும்மா, பள்ளிக்கூடத்துல கேட்டிருக்காங்க"ன்னு ஒரு புளுகு புளுகினேன். ராத்திரி அப்பா சாப்பிட்டு முடிச்சதும் அவர் முன்னாடி கொண்டாந்து வச்சேன். ணங்! மூடியைத் தெறந்தா, சட்டி நெறைய இருக்கு. "அம்மா திருட்டுத்தனமாத் திங்கறது இதுதாம்பா"ன்னேன்.

அப்பா பாத்தாரு. இன்னொரு ஆளு வயிறு முட்டத் திங்கற அளவு சோறு. அதுல அவர் பெசைஞ்ச தயிர்ச்சோறு மேலாப்புல கெடக்கு. அப்புறம் அடுப்படி வாசல்ல போய் நின்னு, "கனகு, நான் அப்படிக் கேட்டிருக்கப்படாது"ன்னாரு. எங்கப்பா அம்மாகிட்ட அப்படிப் பேசி நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்லை.

"ம்... அப்புறம்?"

அப்புறம் மூணாவது வைத்தியம். அது அம்மாவுக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கே. தனிக் கஞ்சி கெடையாது, நாலு பேருக்கும் ஒரே சமையல். மறுநாள் அரிசியை அப்பாவே அளந்தாரு. சளக், சளக். ரெண்டே உழக்கு. அம்மா கை பழக்கத்துல டிரம்முக்குள்ள போச்சு. அப்பா அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "யாராச்சும் வந்துட்டா?"ங்கிறா அம்மா. "வந்தா அப்பப் பொங்குவோம்"ங்காரு அப்பா.

சோறு கொறைஞ்ச எடத்துக்குக் காய் வந்துச்சு. கீரை, சொரக்கா, கொத்தவரங்கா. கொத்தவரங்காயைப் பாத்து உங்கப்பன் "ஆஆங்"னு அழுதான் பாரு, கேட்டுல நிக்கிற லாரிக்காரன் எட்டிப் பாத்தான். காராச்சேவு பொட்டலத்துக்குப் பதிலா பாசிப்பயறுச் சுண்டல். சீனி மிட்டாய் மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஆளுக்கு ஒண்ணு. அப்பா அந்த ஒண்ணை அரை மணி நேரம் சப்புவாரு. தட்டுல போட்டதை முடிக்கணும், முடியாதுன்னா மொதல்லயே கம்மியா வாங்கிக்கணும். சாயங்காலம் நாலு பேரும் ஸ்டேஷன் வரைக்கும் நடை. அங்க ரயில் வரும். கூஊஊ... தடக் தடக், தடக் தடக். உங்கப்பன் பொட்டி எண்ணுவான், தப்புத் தப்பா. அம்மா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு எங்களுக்கு முன்னாடி விறுவிறுன்னு நடப்பா. அந்தச் சாயங்காலமெல்லாம் திரும்பக் கெடைக்குமான்னு இருக்குடி எனக்கு.

"விருந்தாளி வரலையா?"

வந்தாருல்ல! பிடி அரிசியை நிறுத்தின மூணாம் நாளே வந்தாரு. அருப்புக்கோட்டையில இருந்து எங்க மாமா, அம்மாவோட அண்ணன். சரியா மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு, டொக் டொக். அம்மாவுக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு. நாங்க அப்பத்தான் ஒக்காந்தோம், யாரும் தட்டுல கை வைக்கலை. அப்பா தன் தட்டுல இருந்து ஒரு கரண்டி எடுத்தாரு, நான் ஒரு கரண்டி, உங்கப்பன் கொத்தவரங்காயை மட்டும் சந்தோசமா அள்ளிக் குடுத்தான். அஞ்சு தட்டு ஆச்சு. மாமா ஏப்பம் விட்டுட்டு, "என்ன மாப்ள, இன்னிக்கு விசேசமா? இத்தனை காய்!"னு கேட்டாரு. அசிங்கமும் வரலை, ஒண்ணும் வரலை.

"ம்..."

எல்லாம் சரியா வந்துச்சு, ஒண்ணைத் தவிர. தோசை. மத்ததுன்னா சட்டியை நடுவுல வச்சுட்டு நாலு பேரும் சேந்து ஒக்காந்தரலாம். தோசைன்னா யாராச்சும் அடுப்புகிட்ட நின்னுதான ஆகணும்? அம்மா நிப்பா. நாங்க திம்போம். கடைசியில ஆறிப்போனது, பிஞ்சது, தீஞ்சது, அதெல்லாம் அவளுக்கு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அடுப்படிக்குள்ள போனாரு. தோசைக் கரண்டியை அவ கையில இருந்து வாங்கினாரு. "போய் ஒக்காரு."

"உங்களுக்கு வராதுங்க."

"ஒக்காருன்னா."

சொய்ய்ய்ங்! மாவு ஊத்துனாரு. வட்டமா வரலை. ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் ஓட்டை. திருப்பிப் போடும்போது பாதி கல்லுலயே ஒட்டிக்கிச்சு. எங்களுக்குச் சிரிப்பு அடக்க முடியலை. அந்த ஓட்டைத் தோசையைக் கொண்டாந்து மொத தட்டா அம்மா தட்டுல போட்டாரு. ஆவி பறக்குது. அம்மா பிச்சா, ஊதினா, வாயில வச்சா. மென்னுக்கிட்டே இருந்தா, முழுங்கலை. அப்பா பயந்துட்டாரு. "என்ன, உப்பு இல்லையா?"

அம்மா தலையை ஆட்டினா. அப்புறம் மெதுவாச் சொன்னா, "கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷமா தோசை சுடறேன். சூடா இருக்கும்போது இது இப்படியா இருக்கும்?"

யாரும் சிரிக்கலை அதுக்கப்புறம். உங்கப்பன்கூட மூக்கைத் தொடைச்சுக்கிட்டுத் தன் தட்டைச் சுத்தமா முடிச்சான்.

"ம்..."

மூணு மாசம் கழிச்சு மறுபடி ஊசி. சுருக். அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. நாங்க மூணு பேரும் பெஞ்சுல ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தோம். நர்சு பாத்தாங்க. இன்னொரு தடவை பாத்தாங்க. தொண்ணூத்தி எட்டு.

"வாசப்படியில நின்னது எறங்கிப் போயிருச்சும்மா. இப்படியே விடாமப் பாத்துக்கோங்க, விட்டா திரும்பி வரும். ஆமா, என்ன மருந்து சாப்பிட்டீங்க?"ன்னாங்க.

அம்மா எங்க மூணு பேரையும் திரும்பிப் பாத்தா. "மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. இவங்களோட சேந்து ஒக்காந்து சாப்பிட்டேன்."

தாரிகா?

ஏ, தாரிகா. "ம்" எங்க?

தூங்கிருச்சு கழுதை. சட்டியும் காலி, கதையும் காலி. நல்லாத் தூங்கு.