தலைநகரின் கடைசி உறைமோர்

ரொம்ப காலத்துக்கு முன்னால் வேங்கை நாட்டை மகுடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் கடைசியாகக் காதைக் கடித்தது யாரோ, அவர் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம்.

அந்தக் காதுக்கு ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அரண்மனை வைத்தியர் சஞ்சீவிப் பண்டிதர். ஒரு மழைக்காலத்தில் ராஜாவுக்கும் சபைக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. பண்டிதர் ஒரு கசப்புக் கஷாயம் கொடுத்தார், காய்ச்சல் ஓடிப்போனது. அதோடு நிறுத்தியிருந்தால் அவருக்குச் சிலையே வைத்திருப்பார்கள். அவரோ காய்ச்சல் போன பிறகும் தினம் ஒரு கிண்ணம் என்று ஊற்றிக்கொண்டே இருந்தார். ஜனங்கள் வயிறு சரியில்லையென்றால் அவரிடம் போகாமல், கோட்டை வாசலில் மோர் விற்கும் அங்காயியிடம் போனார்கள். அது பண்டிதருக்குப் பொறுக்கவில்லை.

"பிரபு, புளித்தது என்றாலே கெட்டதுதான். மோர், தயிர், பழைய சோறு எல்லாம் விஷம்" என்று ஓதினார். மறுநாளே தண்டோரா போட்டாயிற்று. சேவகர்கள் வீடு வீடாகப் புகுந்து தயிர்ப்பானைகளைத் தெருவில் கவிழ்த்தார்கள். அங்காயி மட்டும் வைக்கோல் போருக்குள் ஒரு கலயத்தை ஒளித்து வைத்திருந்தாள். இரண்டு மாதம் கழித்து அதுவும் அகப்பட்டு உடைந்தது. அவளைச் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

"இவளுடைய பன்னிரண்டு எருமைகளும் பறிமுதல். பொழுது சாய்வதற்குள் இவள் எல்லையைத் தாண்ட வேண்டும்" என்றான் ராஜா.

பன்னிரண்டையும் கன்றிலிருந்து வளர்த்தவள் அங்காயி. அழுகையை அடக்கிக்கொண்டு சபையைச் சுற்றிப் பார்த்தாள். தளபதி முகம் சுண்டிப்போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். புலவர் நெளிந்தார். ராஜாவுக்கே கன்னம் ஒட்டியிருந்தது. பண்டிதர் மட்டும் பளபளவென்று இருந்தார். பதினெட்டு வருஷம் மோர் விற்றவளுக்கு முகத்தைப் பார்த்தே வயிறு தெரியும்.

"மகாராசா, போறதுக்கு முன்னாடி என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிட்டுப் போறேன். நான் முடிக்கிற வரைக்கும் சபையில யாரும் எழுந்திரிக்கக் கூடாது. அது ஒண்ணுதான் கேக்குறேன்."

"அவ்வளவுதானே? தந்தோம், சொல்."

அங்காயி சாவகாசமாகத் தொடங்கினாள். "மூத்த எருமை பேரு காரி. அதோட தாயை எங்கப்பா சந்தையில பிடிச்சப்ப, அதுக்கு ஒரு கொம்பு கிழக்க பாத்துச்சு, ஒரு கொம்பு..."

இரண்டாவது எருமைக்கு வருவதற்குள் தளபதிக்கு வியர்த்துக் கொட்டியது. "பிரபு, எல்லையில் ஏதோ குதிரைச் சத்தம்" என்று ஓடினார். "ஒரு வெண்பா வந்துவிட்டது, அடக்க முடியவில்லை" என்று புலவர் பாய்ந்தார். நான்காவது எருமை கன்று போட்ட கதையில் சபையில் பாதி காலி. ஆறாவது எருமையில் ராஜா, "நான் ராஜா, எனக்கு விலக்கு உண்டு" என்று உள்ளே ஓடி, சற்று நேரம் கழித்து அசடு வழியத் திரும்பிவந்தான். பண்டிதர் மட்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"மகாராசா, பண்டிதரை ஒருதரம் பாருங்க" என்றாள் அங்காயி.

ராஜா பார்த்தான். "உமக்கு மட்டும் எப்படி ஐயா வயிறு சும்மா இருக்கிறது?"

"எல்லாம் கஷாயத்தின் மகிமை, பிரபு."

"அதைத்தானே நாங்களும் குடிக்கிறோம்?"

பண்டிதர் அவசரமாக இன்னொரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"கதை இன்னும் முடியலை. ஒரு தாதி கையில கிண்ணத்தைக் குடுத்து, பண்டிதர் தெருவுல வீடு வீடா உறைமோர் கேக்கச் சொல்லுங்க" என்றாள் அங்காயி.

"எனக்குப் பூஜைக்கு நேரமாயிற்று" என்று பண்டிதர் எழுந்தார்.

"அவள் இன்னும் முடிக்கவில்லை. உட்காரும்" என்றான் ராஜா.

பகலில் உறைமோர் கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப அந்த ஊரில் எந்த வீட்டுக்காரிக்கும் மனசு வராது. இல்லாதவர்கள் இல்லையென்றார்கள். இருந்தவள் பழக்கதோஷத்தில் கொடுத்துவிட்டாள். தாதி கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"யார் கொடுத்தது?"

"பண்டிதர் சம்சாரம், மகாராஜா. 'பால் வெதுவெதுப்பா இருக்கறப்ப விடு தாயீ. கொஞ்சமாத்தான் தர முடியும், மோர் இல்லாட்டி எங்க வீட்டுக்காரருக்குச் சோறே இறங்காது'ன்னாங்க."

ராஜா சிரித்தான், சிரித்ததில் வயிறு இன்னும் வலித்தது. "இந்த மோரில் அப்படி என்னதான் இருக்கிறது, அம்மா?"

"பாலைத் தயிராக்குறது யாருன்னு கண்ணுல படுதா, ராசா? ஆனா விடியறதுக்குள்ள வேலை முடிஞ்சிருது. அந்த மாதிரி ஆளுங்க நம்ம வயித்துக்குள்ளயும் இருந்து வேலை செய்யுறாங்க. கஷாயம் காய்ச்சலை விரட்டுச்சு, நல்லது. கூடவே வயித்துல இருந்த நல்ல ஆளுங்களையும் விரட்டிருச்சு. மோர் குடிச்சா துணைக்கு ஆளு வரும். அதையும் கொட்டிட்டா வேலை எப்படி நடக்கும்?"

"அப்படியென்றால் இதைப் பாலில் விட்டு இப்போதே உறைய வைக்கச் சொல்கிறேன்."

"பாலுக்கு உங்க ஆணையெல்லாம் தெரியாது. காலையில குடிக்கலாம்."

வாழ்க்கையில் முதல்தடவையாக ராஜா காத்திருந்தான். மறுநாள் காலை ஒரு கிண்ணம், அப்புறம் தினம் ஒரு கிண்ணம். பத்து நாளில் சபையில் எல்லோரும் ஒழுங்காக உட்கார்ந்தார்கள். எருமைகள் அங்காயியிடமே திரும்பின. அரண்மனைக்கு மோர் ஊற்றும் உரிமையும் அவளுக்கே. பண்டிதருக்கு ராஜா சொன்னது இதுதான்: "தலைநகரில் மிச்சம் இருப்பது உம் வீட்டு உறைமோர் ஒன்றுதான். எந்தெந்த வீட்டில் பானையைக் கவிழ்த்தீரோ, அந்தந்த வீட்டுக்கு நீரே நடந்து போய் ஊற்றிவிட்டு வாரும்."

பண்டிதர் வாளியும் கரண்டியுமாக வாசல் வாசலாக நின்றார். கடைசி வாசல் அங்காயியுடையது.

"நீ சபையில் சொன்னதெல்லாம் எனக்கு முன்பே தெரியும்" என்றார், கொஞ்சம் விறைப்பாக.

"தெரியாம செஞ்சிருந்தா நான் அன்னைக்கே மன்னிச்சிருப்பேன், சாமி" என்று அங்காயி கலயத்தை நீட்டினாள்.

பண்டிதர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு கரண்டி ஊற்றினார். பிறகு இன்னொரு கரண்டியும் ஊற்றினார்.