நாலாயிரம் கல்லைப் புரட்டியவர்

“அது இல்ல, கொடி. நான் ஒத்துக்கிட்டேன்.”

பேராசிரியர் இஸ்ரவேல் ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார். அதன்மேல் பேனாவையும் வைத்தார். காற்றில் பறந்துவிடக் கூடாதல்லவா.

பொற்கொடி காகிதத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

ஒரு காலத்தில் அவள் அவருடைய மாணவி. கடைசி பெஞ்சு. இப்போது தவளை, தேரை என்று ஈரத்தில் வாழும் உயிர்களைத் தேடுகிறவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் மலையேறி அவளிடம்தான் வருகிறார்கள். இவருக்கு மட்டும் வருவதற்கு ஐம்பத்தேழு வயது ஆகிவிட்டது. வாத்தியார் பெருமை அவ்வளவு சுலபத்தில் இறங்குமா?

“எது இல்ல சார்?”

“வெள்ளை வளையம் போட்டது.”

தவளைக்கு உறவுக்காரன்தான். ஆனால் கால் கிடையாது. ஒன்றரைச் சாண் நீளம், கருநீல உடம்பு, கழுத்தில் ஒரு வெள்ளை வளையம். கல்லுக்கடியில் ஈர மண்ணில் கிடக்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் இந்த மலையின் ஓடைக்கரையில் ஒன்றே ஒன்றைப் பிடித்துப் புட்டியில் போட்டார். அதன்பின் அதை உயிரோடு கண்டவர் இல்லை.

இஸ்ரவேல் பதினோரு வருஷம் தேடினார்.

காகிதம் விடுதிக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரிகள் அனுப்பியது. அதில் ஒரே கேள்விதான். அந்த உயிர் ஓடைக்கரையில் உண்டா, இல்லையா? இல்லை என்று அவர் எழுதிவிட்டால் ஓடையைக் குழாயில் அடைத்துவிட்டு, கரையில் சொகுசு விடுதி கட்டுவார்கள். குழுவில் மற்றவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. கடைசிக் கையெழுத்து அவருடையது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அன்று புதன்.

“இல்லைன்னு யாரு சார் சொன்னா?”

“பதினோரு வருஷம் சொல்லுது.”

“எத்தனை கல்லப் புரட்டியிருப்பீங்க?”

இதைக் கேட்டதும் மனிதருக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

“நாலாயிரத்துக்கு மேல. எல்லாம் நோட்டுல இருக்கு. ஒவ்வொரு கல்லுக்கும் நேரா, இல்லை, இல்லைன்னு எழுதி வச்சிருக்கேன். வருஷா வருஷம் அறிக்கையாவும் கொடுத்திருக்கேன்.”

“வாங்க, ஓடைக்குப் போவோம்” என்றாள் பொற்கொடி.

அந்த வருஷம் பருவமழை பிந்தியிருந்தது. ஓடைக்கரையில் அவள் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டாள்.

“நீங்க எப்பவும் எப்படிப் பாப்பீங்களோ அப்படியே பாருங்க சார்.”

அவர் ஒரு கல்லைப் புரட்டினார். குனிந்து பார்த்தார். நோட்டில் எழுதினார். அடுத்த கல்லைப் புரட்டினார். பார்த்தார். எழுதினார். வேலையில் நல்ல சுறுசுறுப்பு. உச்சி வெயிலுக்கு முன் நாற்பது கல் ஆயிற்று.

பொற்கொடி மரத்தடியை விட்டு நகரவில்லை.

“எதாவது தப்பா பண்றேனா?”

“ரொம்ப ஒழுங்கா பண்றீங்க சார்.”

அவள் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டாள். இதற்காகவா இவளிடம் வந்தோம் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

அவள் வீட்டுக்குப் பின்னால், வருகிறவர்கள் தங்க ஓர் அறை உண்டு. அங்கே ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் மாட்டிக்கொண்டு, தடித்த கம்பளிக்குள் சுருண்டு படுத்தார். அந்த மலையின் குளிர் எலும்புக்குள் போகும் குளிர்.

விடிந்தும் விடியாமலும் கதவு தடாலென்று திறந்தது.

பொற்கொடி உள்ளே வந்தாள். ஒரே இழுப்பில் கம்பளியை உருவினாள். குனிந்து அவரை உற்றுப் பார்த்தாள். கட்டிலுக்கடியிலும் பார்த்தாள். கையிலிருந்த நோட்டில் ஏதோ எழுதினாள்.

“இல்லை” என்றாள்.

கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். கதவைச் சாத்தவும் இல்லை. குளிர்காற்று அறைக்குள் புகுந்தது.

“ஏம்மா! கம்பளியக் குடும்மா! உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“எனக்கு நேரமில்ல சார். அடுத்த வீட்டையும் பாக்கணும்.”

அவர் பல் தந்தியடிக்க, வெறுங்காலோடு அவள் பின்னால் ஓடினார். வாசல் வரைக்கும் ஓடினார். வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

அங்கிருந்தே கேட்டார்: “நேத்தே சொல்லியிருக்கலாமே?”

“நேத்து உங்களுக்குக் குளிரலையே சார்.”

அவர் ஓடைக்குப் போனார்.

நேற்றுப் புரட்டிய நாற்பது கல்லும் புரட்டியபடியே மல்லாந்து கிடந்தன. பாசி பிடித்த முகம் மண்ணில் புதைந்திருந்தது. அடியில் கன்னங்கரேலென்று இருந்த மண் ஒரு வெயிலிலேயே வெளுத்துவிட்டது. ஒரு மண்புழுவை எறும்புகள் இழுத்துக்கொண்டு போயின. போன வாரம் புரட்டிய கற்களின் குழியில் அதுகூட இல்லை.

இஸ்ரவேல் மண்ணில் உட்கார்ந்து அழுதார். நாலாயிரம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

பிறகு எழுந்து முதல் கல்லைப் பழையபடி வைத்தார். அதன் குழியிலேயே, அது இருந்த வாக்கிலேயே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொற்கொடி வந்து பார்த்தாள். மனிதர் கையெல்லாம் கீறல். பழைய கல் ஒன்றை நெம்பிக்கொண்டிருந்தார்.

“அத ஏன் சார் பெயர்க்கிறீங்க?”

“எட்டு வருஷத்துக்கு முந்தி புரட்டினது. திருப்பி வைக்கணும்.”

“மேல பாசி வந்திருக்கு பாருங்க. அது தன் பாட்டைப் பாத்துக்கிச்சு. மறுபடியும் அதைப் பாடாப் படுத்தாதீங்க.”

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

“நாளைக்குப் பேப்பர் கொடுக்கணுமே. என்ன எழுதட்டும்?”

“உண்மை எதுவோ அத எழுதுங்க.”

அவர் யோசித்து எழுதினார்: ‘நான் இன்னும் தேடவில்லை. ஒரு வருஷம் வேண்டும்.’

காகிதம் வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். அப்படியானால் பதினோரு வருஷம் என்ன செய்தீர் என்று கேட்டார்கள். கல் புரட்டினேன் என்றார். பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்தோ என்னவோ, ஒரு வருஷம் கொடுத்தார்கள். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்றார்கள்.

அந்த வருஷம் அவர் ஓடையை விட்டு அசையவில்லை. கல்லைத் தொடாமல் கரையில் உட்கார்ந்திருப்பார். நோட்டில் முதன்முறையாக வேறு சொற்கள் வந்தன. இன்று மரவட்டை வந்தது. இன்று மண்புழு வந்தது. இன்று பெயர் தெரியாத குட்டித் தவளை ஒன்று என் செருப்பில் ஏறிக்கொண்டது.

தேயிலை பறிக்கப் போகும் பெண்கள் வழியில் அவரைக் கிண்டல் செய்வார்கள்.

“என்ன சார், கல்லுக்குக் காவலா?”

“ஆமா தாயி. சம்பளமில்லாத காவல்.”

அவர்கள் கொடுத்த வருஷத்தின் கடைசி நாள் வந்தது. தென்மேற்குப் பருவமழை மூன்று வாரமாய்ப் பெய்து, அன்று காலையில் சற்றே தூறலாகி இருந்தது. பொற்கொடி கேமராவோடு வந்தாள். அவள் முகத்தில்கூட அன்றைக்குக் கலக்கம் தெரிந்தது. அவருக்குத்தான் இல்லை.

அவர் கரை நெடுக நடந்தார். பல கற்களைத் தாண்டிப் போனார். பார்த்து வைத்திருந்த ஒரு கல்லருகே மண்டியிட்டார். இரண்டு கையாலும் அதை நாலு விரற்கடை தூக்கினார். உள்ளே பார்த்தார்.

கருநீலச் சுருள். கழுத்தில் வெள்ளை வளையம். சுருளுக்கு நடுவில் ஜவ்வரிசி மாதிரி முட்டைகள். தாய், தலையைக்கூடத் தூக்கவில்லை.

அவர் மூச்சு விடவில்லை.

“சார், இருக்கா? இன்னும் கொஞ்சம் தூக்குங்க சார், எனக்குத் தெரியல.”

அவர் கல்லைப் பழையபடி இறக்கி வைத்தார்.

“சார்! நான் பாக்கவே இல்ல!”

“அடைகாக்குது, கொடி. பொரிச்சு முடிக்கட்டும். அப்புறம் வா, நிதானமா காட்டுறேன்.”

“அப்புறமா? இன்னைக்குள்ள பேப்பர் கொடுக்கணும் சார். ஒரு படம் வேண்டாமா?”

அவர் கைமண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டார். சட்டைப்பையிலிருந்த காகிதத்தை விரித்து, முழங்கால்மேல் வைத்து, ‘உண்டு’ என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். மை தூறலில் கரையாமல் இருக்க உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“ஆதாரம் இல்லாம யாரு சார் நம்புவா?”

“பதினோரு வருஷமா இல்லை, இல்லைன்னு எழுதிக் கொடுத்தேன், கொடி. ஒருத்தன்கூட ஆதாரம் கேக்கலையே.”