மூணு மணிக்குக் கதவைத் திறக்கலாம்

"அம்மா, விரதம் நாளைக்குக் காலையிலதானே ஆரம்பம்?"

"ஆமாண்ணே."

"அப்ப இன்னிக்குச் செய்யறது எதுவும் அதுல சேராதுல்ல?"

அம்மா அரிசியைக் கிளறுவதை நிறுத்தவில்லை. கொட்டகை வாசலில் சாக்கு விரித்து, வண்டு விழுந்த அரிசியை வெயிலில் பரப்பியிருந்தார். சூடு தாங்காமல் வண்டுகள் ஒவ்வொன்றாக நடந்து வெளியேறிக்கொண்டிருந்தன.

"என்ன செஞ்சீங்க?" என்றார்.

கேட்டு மாட்டிக்கொண்டவர் தணிகாசலம். வயது ஐம்பத்தாறு. விழுப்புரத்தில் இருபத்திரண்டு வருஷம் பிராய்லர் கடை வைத்திருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கத்தியைக் கழுவி வைத்தார். மறுநாள் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. "கை வரலை" என்பார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து இந்தக் கஞ்சிச் சாலைக்கு வந்து போகிறார். ஊர் எல்லையில் ஒரு கொட்டகை. பசி என்று வருகிறவர்களுக்கெல்லாம் மத்தியானம் கஞ்சி. அதை நடத்துகிற அமுதவேணி அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயதுதான். பத்தொன்பது வருஷமாக ஓர் எறும்பைக்கூட மிதித்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள். கூடவே நடந்து பார்த்தவன் எவனும் இல்லை. ஆனாலும் தணிகாசலம் நம்பினார்.

அம்மா கையால் கொல்லாமை விரதம் வாங்க வேண்டும். செத்தால் அந்த விரதத்தோடு சாக வேண்டும். மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது. இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் "இன்னும் ஆகட்டும்ணே" என்றுதான் பதில் வந்தது. மூன்றாம் தடவை கேட்டபோது, "புது வீட்டுக்குப் போறீங்கல்ல, அங்க வந்து விளக்கேத்தித் தர்றேன்" என்றார்.

அந்த நாள்தான் நாளைக்கு.

புது வீடு என்றால் அபார்ட்மென்ட். நாலாவது மாடி. பால் காய்ச்சி ஒரு வாரம் ஆகவில்லை, சமையலறை முழுக்கக் கரப்பான்பூச்சி.

"எங்கிருந்துதான் வருதுன்னே தெரியலைம்மா. பாத்ரூம் ஓட்டை வழியான்னு துணியை அடைச்சேன். சாமான் கட்டின அட்டைப்பெட்டியோட வந்துச்சான்னு பெட்டியெல்லாம் தூக்கிப் போட்டேன். பிரியாணி இலை, கிராம்பு, வெள்ளரித்தோலு, யாரு என்ன சொன்னாலும் வச்சேன். அதுங்க வந்து மோந்து பாத்துட்டு அதும்மேலேயே உக்காந்துக்குதுங்க."

அம்மா சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்கம்மா. நேத்து இட்லிப்பானையைத் திறந்தா உள்ள ரெண்டு. செங்கமலம் போட்டா பாருங்க ஒரு கத்து! 'இந்த வீட்டுலயா அம்மா வந்து விளக்கேத்துறது, உனக்கு வெக்கமா இல்லையாய்யா'ங்கறா. பொண்டாட்டி கேக்குறதும் நியாயந்தானே?"

"அதுக்கு?"

தணிகாசலம் தலையைச் சொறிந்தார்.

"மருந்தடிக்கிற ஆளை வரச்சொன்னேன். காலையில வந்தாரு. எங்களை வெளிய போகச் சொல்லி வீட்டைப் பூட்டிட்டாரு. மூணு மணிக்குக் கதவைத் திறக்கலாமாம். அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. நான் இங்க வந்துட்டேன்."

"நல்ல இடமாப் பாத்துத்தான் வந்திருக்கீங்க" என்றார் அம்மா.

இது பாராட்டா, குத்தலா? தணிகாசலத்துக்கு விளங்கவில்லை.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. புரட்டாசி பிறப்பதற்கு முதல் நாள் அவர் கடையில் நிற்க இடம் இருக்காது. மாலை போடப் போகிறவன் முந்தின நாள் ரெண்டு கிலோ கூடுதலாக வாங்குவான். சாமி அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. நாளைக்கு விரதம் என்றால் இன்றைக்கே எல்லாவற்றையும் முடித்துக்கொள்வதுதான் ஊர் வழக்கம். அவர் என்ன புதுசாகவா செய்துவிட்டார்?

"என் கையால ஒண்ணைக்கூடத் தொடலைம்மா" என்றார்.

"சரிண்ணே."

"பாவம்னா அது எனக்கா, மருந்தடிச்சவருக்கா?"

அம்மா ஒரு பிடி அரிசியை அள்ளி ஊதினார். உமி பறந்தது.

"வெயில்ல வைக்கச் சொல்றீங்களா? வீட்டை எப்படிம்மா வெயில்ல வைக்கிறது?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"விரதத்துக்கு ஒண்ணும் பங்கம் இல்லையே? அதை மட்டும் சொல்லிடுங்க."

அம்மா கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "உங்க கடையில நீங்க கோழி அறுக்கும்போது, வாங்க வந்தவங்க என்ன செய்வாங்க?"

கரப்பானுக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம்? தணிகாசலத்துக்குத் தலை சுற்றியது. ஆனாலும் கேட்டவுடன் பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ரோட்டைப் பாத்துக்கிட்டு நிப்பாங்கம்மா. சிலபேரு போனை எடுத்துக்குவாங்க. 'சீக்கிரம்ணே, சீக்கிரம்ணே'ன்னுவாங்க, ஆனா இந்தப் பக்கம் ஒருத்தரும் திரும்ப மாட்டாங்க. கேட்டா, கொன்னா பாவம் தின்னா போச்சும்பாங்க. கொன்ன பாவம் எனக்கு, தின்னு தொலைக்கிறது அவங்களாம். நல்லா இருக்குல்ல கதை?"

"நீங்களும் திரும்பிக்க வேண்டியதுதானே?"

"நான் எப்படிம்மா திரும்புறது? திரும்பினா என் கையைத்தான் அறுத்துக்கணும். கண்ணால பாத்துத்தான் செய்யணும். துடிக்க விட மாட்டேன், ஒரே இழுப்பு. அந்த ஒரு நல்ல பேரு எனக்கு உண்டு."

அம்மா எழுந்தார்.

"மணி என்ன?"

"ரெண்டேகால்."

"வாங்க, போவோம்."

"எங்கம்மா?"

"உங்க வீட்டுக்கு."

"விளக்கேத்துறது நாளைக்குத்தானே?"

"இன்னிக்கும் வந்தா என்ன?"

ஆட்டோவில் போகும்போது தணிகாசலத்துக்குச் சந்தேகம் மேல் சந்தேகம். விரதம் இல்லை என்று சொல்லத்தான் வருகிறாரா? அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே. கோபமா? முகத்தில் கோபம் தெரியவில்லை. பாம்பும் சாகணும், கம்பும் ஒடியக்கூடாது என்று பார்த்தேனே, கடைசியில் கம்பு ஒடிந்துவிடும்போல இருக்கிறதே என்று உள்ளுக்குள் புலம்பிக்கொண்டே வந்தார்.

"கோபமாம்மா?"

"இல்லண்ணே."

கோபம் இல்லை என்றால் பின்னே என்ன? அதுவும் விளங்கவில்லை.

கதவைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறியது. தணிகாசலம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி ஜன்னல்களைத் திறந்தார். அம்மா நேராகச் சமையலறைக்குப் போனார்.

மருந்தடித்தால் காணாமல் போய்விடும் என்றுதான் தணிகாசலம் ஏனோ நினைத்திருந்தார். எதுவும் காணாமல் போகவில்லை. அடுப்பு மேடையில், தரையில், தொட்டியில், எங்கே பார்த்தாலும் மல்லாந்து கிடந்தன. அவ்வளவு இருந்தன என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

"தொடப்பம் எடுத்துட்டு வர்றேன்" என்றார்.

"இருங்கண்ணே. இது உயிரோட இருக்கு."

அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்று மல்லாந்தபடி கால்களை உதறிக்கொண்டிருந்தது. நிற்கும், மறுபடி உதறும். தணிகாசலம் ஜன்னல் பக்கம் திரும்பி, எதிர் வீட்டில் காயப்போட்டிருந்த துணிகளைப் பார்த்தார்.

"அது தானா செத்துடும்மா. சிலது நாளைக்கு வரைக்கும்கூட இழுத்துக்கிட்டுக் கிடக்கும்னு அவரே சொன்னாரு."

"நாளைக்கு வரைக்குமா?"

அம்மா வாசலுக்குப் போனார். தணிகாசலத்தின் செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். ஓங்கி அடித்தார்.

தணிகாசலம் அலறிவிட்டார்.

"ஐயோ அம்மா! என்ன பண்ணிட்டீங்க?"

"கொன்னுட்டேன்."

"உங்க விரதம்?"

"போச்சு."

"பத்தொன்பது வருஷம்மா!"

"ஆமாண்ணே."

"ஒரு கரப்பானுக்காகவா?"

"துடிச்சுதே."

அம்மாவின் கண்ணில் நீர் நின்றது. அதைப் பார்த்ததும் தணிகாசலம் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊரே கும்பிடுகிற ஒருத்தரை என் வீட்டுக்குக் கூட்டிவந்து, என் செருப்பாலேயே இப்படிப் பண்ண வைத்துவிட்டேனே என்று அடித்துக்கொண்டார். கொல்லக்கூடாது என்பவர் கொல்கிறார். கொல்லச் சொன்ன நான் சுத்தமாக உட்கார்ந்திருக்கிறேன். இது என்ன கணக்கு என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. அழுகைதான் வந்தது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டிக்கு அடியில் குனிந்தார்.

"இங்க இன்னொண்ணு."

தணிகாசலம் எழுந்தார். "குடுங்கம்மா."

"உங்களுக்கு நாளைக்கு விரதம்."

"அது போனாப் போகுதும்மா. நீங்க இன்னொரு தடவை செய்யக் கூடாது. எனக்கு ஒரே அடியில முடிக்கத் தெரியும்."

அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. செருப்பை வாங்கிக்கொண்டு மண்டியிட்டார். அது காலை உதறுவதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அடித்தார்.

"இதைக் கொன்னது யாரு?" என்று கேட்டார் அம்மா.

"நான்."

அம்மா மேடையை, தரையை, தொட்டியைக் காட்டினார். "இதையெல்லாம்?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். மருந்தடிச்சவரு என்று சொல்லத்தான் வந்தார். கையில் இன்னும் செருப்பு இருந்தது.

செருப்பைக் கீழே வைத்தார்.

"நான்தாம்மா. எல்லாமே நான்தான்."

அம்மா குழாயைத் திறந்து கை கழுவினார். அவர் கழுவுவதற்கும் இடம் விட்டு நகர்ந்து நின்றார்.

"விளக்கை எடுத்துட்டு வாங்கண்ணே."

"நாளைக்குத்தானேம்மா?"

"நாளைக்கு வரைக்கும் என்னால விரதம் இல்லாம இருக்க முடியாது. வாங்க, ரெண்டு பேரும் சேந்தே எடுத்துக்குவோம்."