ஒற்றைச் சாளரமும் ஓடைப் பாலமும்

ஓடைக்கரைப்பட்டிக்குப் பாலம் வந்த கதையை அந்த ஊர்க்காரர்கள் யாரும் சிரிக்காமல் சொல்லி முடித்ததில்லை. சிரிக்காமல் சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் மூன்றே பேர். பாலம் வந்ததே அந்த மூவரால்தான்.

மூவரில் சூசைராஜ் படிப்பில் கெட்டி. ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வில் போன தடவையும் தோற்றான், அதற்கு முந்தின தடவையும் தோற்றான். ஆனாலும் நல்லாட்சி என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மூச்சுவிடாமல் சொல்லுவான். கோதண்டம் அலசி ஆராயாமல் ஒரு டீகூடக் குடிக்க மாட்டான். செண்பகவல்லிக்குச் சொன்ன சொல்லைச் சொன்னபடி செய்துவிட வேண்டும். மூவரும் பரஞ்சோதி சாரின் பயிற்சி மையத்தில் ஒரே பெஞ்சு.

அன்றைக்கு சார் வகுப்பில் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். "புத்தகத்தை மூடுங்கப்பா! மக்களோட நாடித்துடிப்பை அறியாதவன் அதிகாரியா இருந்து என்ன பிரயோஜனம்? கடைக்கோடி மனுஷனைப் போய்ச் சேரணும். எல்லா வேலையும் ஒரே இடத்துல முடியுற ஒற்றைச் சாளர முறையைக் கொண்டு வரணும். நாளைக்கு ஓடைக்கரைப்பட்டிக்குக் கலெக்டரம்மா வர்றாங்க. முடிஞ்சவங்க போய்க் கூடமாட உதவி பண்ணுங்க."

மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். இவர்கள் மூவரும் மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

ஊராட்சித் தலைவர் ரெங்கநாயகி இவர்களைக் கண்டதும் பூரித்துப்போனார். மழை பெய்தால் ஓடையில் வெள்ளம் வரும். அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வர முடியாது. பாலம் கேட்டுக் கேட்டு அவருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. "படிச்ச புள்ளைங்க வந்திருக்கீங்க. இன்னிக்கு எப்படியாச்சும் பாலத்தை வாங்கிக் குடுத்துருங்க சாமி" என்று சூசைராஜின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சூசைராஜ் அந்தக் கையை விடவில்லை. மணிக்கட்டில் விரல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டான்.

"தலைவருக்கு நல்லாத் துடிக்குது" என்றான். "இனி மக்களுக்குப் பார்க்கணும்."

பஸ் நிறுத்தத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்தவரில் தொடங்கினான். "எனக்கு சுகர் இருக்கா தம்பி?" என்று அவர் கேட்டார். "அது சுகாதாரத் துறைங்க. நான் பொது நிர்வாகம்" என்றான் சூசைராஜ். பட்டணத்திலிருந்து ஆள் வந்து இலவசமாய்க் கை பிடித்துப் பார்க்கிறான் என்ற சேதி அடுப்படி அடுப்படியாகப் பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் அனுமார் வால் மாதிரி ஒரு வரிசை.

வரிசையைக் கண்டதும் சூசைராஜுக்கு உடம்பு புல்லரித்தது. வரிசை என்றால் கடைசி ஆள் ஒருவர் இருப்பாரே! செண்பகவல்லியையும் கூட்டிக்கொண்டு ஓடினான். கடைசியில் ஆட்டுக்குட்டியோடு ஒருவர் நின்றார்.

"ஐயா, நீங்கதான் கடைக்கோடி மனுஷனா?"

"ஆமா தம்பி. இப்பத்தான் வந்தேன்."

சூசைராஜ் அவரைக் கட்டித் தழுவினான். தழுவிக்கொண்டிருக்கும்போதே குடத்தோடு ஒரு பெண் வந்து பின்னால் நின்றுவிட்டாள்.

"அப்ப இவரு?" என்றாள் செண்பகவல்லி.

"இவர் கடைக்கோடியிலேர்ந்து முன்னேறிட்டாரு."

"நாம இன்னும் ஒண்ணுமே பண்ணலையே சூசை?"

"பண்ணாமயே பலன் வந்திருக்கு. நல்ல திட்டம்னா இப்படித்தான் இருக்கும்."

அந்தப் பெண்ணை நெருங்குவதற்குள் அவளுக்குப் பின்னால் ஒரு குடும்பமே நின்றது. வரிசை வளர வளர இவர்களும் ஓடினார்கள். சேதி ஓடையைத் தாண்டியிருந்தது. முந்தின நாள் மழையில் ஓடை நிறைந்து கிடந்தாலும், அக்கரைக்காரர்கள் செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்து, இடுப்பளவுத் தண்ணீரிலேயே வரிசை பிடித்தார்கள்.

இவர்கள் மூச்சிரைக்க ஆபீசுக்குத் திரும்பினால், அங்கே சுத்தியல் சத்தம். கோதண்டம் ஒவ்வொரு ஜன்னலாகப் பலகை வைத்து அறைந்துகொண்டிருந்தான்.

"ஒற்றைச் சாளரம்டா. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும்."

"எதை விடப் போறே?"

"அலசிப் பார்த்தேன். கூரைக்குக் கீழ இருக்கே, அந்தச் சின்னது. மேலிடத்துக்குப் பக்கம்."

"கதவு?" என்றாள் செண்பகவல்லி.

மூவரும் யோசித்தார்கள்.

"கதவு சாளரமா?" என்றான் கோதண்டம்.

"இல்லை" என்றான் சூசைராஜ்.

"அப்ப அதுக்கு இந்த முறையில எடமில்லை." கதவிலும் ஆணி இறங்கியது.

"உள்ளே யாரும் இருக்காங்களா?" என்று கேட்டான் சூசைராஜ்.

"தலைவர் இருக்காங்க. மாலை கட்டிக்கிட்டிருக்காங்க."

சூசைராஜ் நிம்மதியாய்த் தலையாட்டினான். "நிர்வாகம் உள்ளே, மக்கள் வெளியே. சரியாத்தான் இருக்கு."

அந்த நேரம் பார்த்துக் கலெக்டரின் கார் வந்து நின்றது. கூரையடியிலிருந்த சின்ன ஜன்னலில், மேஜைமேல் ஏறி நின்ற ரெங்கநாயகியின் முகம் தெரிந்தது, தலையெல்லாம் ஒட்டடை. மாலை பிடித்த கை ஒன்று கம்பிக்கு வெளியே நீண்டு ஆடியது.

"இது என்ன?" என்றார் கலெக்டர்.

"ஒற்றைச் சாளரம் மேடம்" என்றான் சூசைராஜ்.

கலெக்டர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "எத்தனையோ ஃபைல்ல நானே எழுதியிருக்கேன். கண்ணால பாக்குறது இதான் முதல் தடவை."

பிறகு வரிசையைப் பார்த்தார். அது எங்கே முடிகிறது என்று நடந்தே போனார். ஓடைக்குள் கழுத்தில் பிள்ளையும் தலையில் செருப்புமாய் நின்ற ஜனங்களைக் கண்டதும் அவர் முகம் மாறியது. "இப்படித்தான் தினமும் கடக்குறாங்களா? இவங்க தண்ணிக்குள்ள நின்னு கேக்குற வரைக்கும் விட்டிருக்கோமே!" பக்கத்தில் நின்ற இன்ஜினியரைத் திரும்பிப் பார்த்தார். "பாலத்துக்கான மதிப்பீடு இன்னிக்கே என் மேஜைக்கு வரணும்."

ஊரே குலவையிட்டது. கதவை உடைத்து ரெங்கநாயகியை வெளியே எடுத்தார்கள். அவர் முதலில் மூவரையும் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்துவிட்டது.

"பாலம் வந்துச்சேன்னு விடுறேன். ஆனா ஒண்ணு, நீங்கள்லாம் தலைகீழா நின்னாலும் பரீட்சையில பாஸாக முடியாது!"

மூவரும் திரும்பும் பஸ்ஸில் ஏறினார்கள். சூசைராஜுக்குக் கண் கலங்கியது. பாதி வழியில் கோதண்டம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தலைகீழா நின்னாத்தானே பாஸாக முடியாதுன்னாங்க? படுத்தா?"

"படுத்தா முடியாதுன்னு சொல்லவேயில்லையே!" என்றாள் செண்பகவல்லி.

"எந்தப் பக்கம் படுக்கிறது? வலமா, இடமா?"

"அதிகாரி எந்தப் பக்கமும் சாயக்கூடாது" என்றான் சூசைராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மல்லாக்கத்தான்."

மறுநாள் மாதிரித் தேர்வு. பரஞ்சோதி சார் விடைத்தாளோடு உள்ளே வந்தபோது மூவரும் பெஞ்சுகளில் வரிசையாய் மல்லாந்து கிடந்தார்கள். சார் தலையில் அடித்துக்கொண்டு ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். மூவரும் அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, பேனாவை மேல்நோக்கிக் குத்தினார்கள். ஒரு எழுத்தும் விழவில்லை.

சூசைராஜ் படுத்தபடியே மரியாதையாய்க் கை தூக்கினான்.

"சார், மை மேலே ஏற மாட்டேங்குது. இதை நிதிப் பற்றாக்குறைன்னு எழுதணுமா, மத்திய அரசோட பாரபட்சம்னு எழுதணுமா?"